செய்யாத வேண்டுதல்

பூம்பாறை,
22-1-58

தமயந்திக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று வழக்கமாக எழுதுகிற வரியை இந்தத் தடவை எழுதவில்லை. கோபம் அடங்கட்டும் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். அடங்கவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் கீழ்ப் பாத்தியில் பூண்டுக்கு எரு போட்டுக்கொண்டிருந்தேன். ராக்காயி மூச்சு வாங்க ஓடிவந்தாள். "ஏத்தா, கீழநாட்டு ஆளுக மூணு பேரு வந்து நிக்காக. ஒருத்தரு பட்டு வேட்டி கட்டிருக்காரு. குளிர்ல பல்லு தந்தியடிக்குது" என்றாள். பூண்டு வியாபாரிகள் என்று நினைத்து நான் இருந்த கோலத்திலேயே மேலே வந்தேன். அப்பாவின் காக்கிக் கால்சட்டை, கோட்டு, முழங்கை வரை சாணி.

முன்னால் நின்றவர் உன் மாமியாரின் தம்பி. என்னைப் பார்த்து, "ஏப்பா, வீட்ல பொம்பளையாளுக யாரும் இல்லையா?" என்றார்.

"நான்தேன் இருக்கேன்" என்றேன்.

"சரிப்பா, சோலையம்மாளக் கொஞ்சம் வெரசாக் கூப்பிடு."

"நான்தேன் சோலையம்மா."

அவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், அங்கே வேறொருத்தி நிற்பாளோ என்று. பட்டு வேட்டிக்காரர் பெயர் கந்தவேலாம். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு, பெண்சாதி செத்து ஒரு வருஷம், இரண்டு பிள்ளைகள். ஒரு கூடை கொய்யாப்பழத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அதை எங்கே இறக்கி வைப்பது என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை.

உன் மாமியாரின் தம்பிதான் விஷயத்தை உடைத்தார். "நல்ல வரன் அமையணும்னு ரெண்டு தரம் முருகனுக்கு முடி எறக்கிருக்கியாம்ல தாயி? பழனியாண்டவன் காதுல விழுந்துருச்சு. அதேன் நாங்களே தேடி வந்துட்டோம்."

ராக்காயி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள், சிரிப்புத் தாங்காமல். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "யார் சொன்னது?" என்று கேட்டேன். "ஒன் தங்கச்சிதேன், வேற யாரு?" என்றார்.

வேண்டுதலும் இல்லை, ஒன்றும் இல்லை, என் முடியை நான்தான் வெட்டிக்கொள்கிறேன், எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அதற்கு அவர் கந்தவேலிடம் திரும்பி என்ன சொன்னார் தெரியுமா? "பிள்ளை வெக்கப்படுது."

ஏட்டி, எனக்கு முப்பத்தொரு வயசு. இந்த மலையில் காட்டுப்பன்றியை விரட்டிக்கொண்டு தனியாகக் காவல் இருக்கிறவள் நான். என்னை வெட்கப்படுகிறாள் என்று சொல்லவைத்துவிட்டாயே! சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். கொய்யாக் கூடையையும் கையோடு கொடுத்து அனுப்பிவிட்டேன்.

உன் மாமியாரிடம் போய் உள்ளதைச் சொல். சொல்லிவிட்டு எனக்கு எழுது.

சோலையம்மாள்


பழனி அடிவாரம்,
9-2-58

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பல நாளாகிறது. தைப்பூசக் கூட்டம் இப்போதுதான் ஓய்ந்தது. பூஜைச் சாமான் கடையில் அவருக்குச் சாப்பிட நேரமில்லை. மாடி அறைகளில் தங்கிய யாத்திரைக்காரர்களுக்கு நான்தான் எல்லாம். நடுவில் குழந்தை அழகுக்குக் காய்ச்சல். அவளை மடியில் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் திட்டாதே.

நான் பொய் சொல்லவில்லை அக்கா. முதல் தடவை என் தலை அசைந்தது, அவ்வளவுதான். என் மறுவீட்டுக்கு இங்கே வந்தாயே, அன்று உன் முக்காடு நழுவிவிட்டது. அத்தை உன் கிராப்புத் தலையைப் பார்த்தார்கள். நீ வாசலில் வண்டிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தாய். "ஏம்மா, முருகனுக்கா?" என்று என்னிடம் கேட்டார்கள். இந்த ஊரில் தெருவில் போகிற மூன்று பேரில் ஒருவர் தலை அப்படித்தான் இருக்கிறது. அவர்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நான் தலையை ஆட்டினேன். உடனே அவர்கள் நீ இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்! கல்யாணமாகி ஒரு வாரம் ஆகவில்லை எனக்கு. "இல்லை அத்தை, என் அக்கா சும்மா ஆசைக்கு வெட்டிக்கொள்கிறாள், மலையில் கால்சட்டை போட்டுக்கொண்டு திரிகிறாள்" என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் என் இடம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாயா?

அழகு பிறந்தபோது நீ வந்தாய். "இன்னுமா வளரல?" என்று கேட்டார்கள். இரண்டாவது வேண்டுதல் என்றேன். என்ன வேண்டுதல் என்றார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு வேறு என்ன வேண்டுதல் சொல்ல முடியும்?

இப்போது நிலைமை நீ நினைப்பதைவிட மோசம். நீ அந்தக் கந்தவேலைத் திருப்பி அனுப்பியது அத்தைக்கு வருத்தமில்லை, பயம். முருகனிடம் வரன் கேட்டு முடி கொடுத்தாள், அவன் வரனை வாசலுக்கே அனுப்பினான், இவள் தட்டிவிட்டாள் என்கிறார்கள். அந்தப் பிழைதான் குழந்தைக்குக் காய்ச்சலாக வந்திருக்கிறது என்று திருநீறு பூசிக்கொண்டே அழுகிறார்கள். வேண்டுதலே கிடையாது என்று எனக்குத் தெரியும். நான் உண்டாக்கினது அது. ஆனாலும் நூற்றுமூன்று டிகிரி கொதிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு நானும் பயந்தேன். பி.ஏ. படித்தது அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ.

பங்குனியில் அழகுக்கு முடி இறக்கிக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடியில் உட்கார வைக்க நமக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. ஒட்டன்சத்திரம் சித்தப்பா மகன் ராமர் அண்ணன் உட்காரட்டும் என்று முடிவாகியிருக்கிறது. நீ வராமல் இருக்கக் கூடாது. ஒரு நாள் மட்டும் சேலை கட்டிக்கொண்டு வா. சன்னதியில் அத்தையோடு நின்று ஒரு கும்பிடு போட்டுவிடு, அவர்கள் மனம் ஆறிவிடும். தலைக்கு இத்துடன் ஒரு சவுரி அனுப்பியிருக்கிறேன். உன் முடியின் நிறமாகப் பார்த்துத்தான் வாங்கினேன்.

இன்னொன்று. அழகு ரிப்பனைப் பிடுங்கி எறிகிறாள். பூ வைத்தால் அப்படியே தரையில் உருள்கிறாள். "பெரியம்மா ரத்தம்" என்று அத்தை ஒரு நாள் சொன்னார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை.

தமயந்தி


பூம்பாறை,
17-2-58

தமயந்தி,

சவுரியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அது யார் தலைமுடி என்று யோசித்தாயா? எவளோ ஒருத்தி புருஷன் பிழைக்க வேண்டும் என்றோ பிள்ளை வேண்டும் என்றோ உங்கள் ஊரில் வந்து இறக்கிப் போட்டது. அதை ஏலத்தில் எடுத்து, கழுவிச் சிக்கெடுத்து, முடிந்து விற்கிறான். நான் வேண்டாம் என்று வெட்டி எறிந்ததற்கு மேல் இன்னொருத்தி அழுது கொடுத்ததைக் கட்டிக்கொண்டு வர வேண்டுமா? பார்சலைப் பிரித்ததும் ராக்காயி செத்த எலி என்று நினைத்து விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். அவள் நினைத்தது சரிதான்.

ஒரு நாள் என்று எழுதியிருக்கிறாய். உன் கல்யாணத்துக்கு ஒரு நாள் என்றாய், கட்டினேன். மறுவீட்டுக்கு ஒரு நாள். பிரசவத்துக்கு ஒரு நாள். கட்டிக்கொண்டு நடக்கும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆற்றில் முங்கி எழுந்து ஈரத்துணியோடு சபையில் நிற்கிற மாதிரி இருக்கும். எல்லாரும் என்னைப் பார்த்து "இப்பத்தேன் லட்சணமா இருக்க" என்பார்கள். அவர்களுக்கு லட்சணமாகத் தெரிகிற அந்த ஆள் நான் இல்லை.

இந்த முடி எப்படிப் போனது என்று உனக்கு நினைவில்லையா? நீ மதுரையில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய், மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தாய். அப்பா கிடந்தபோது கொள்ளி வைக்க ஆள் இல்லை. ராமருக்கு அம்மை போட்டிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "மகன் இல்லாத வீடு, மூத்தவளே வைக்கட்டும், அவதேன் ஆம்பளை மாதிரி வேலை பாக்கா" என்றார்கள். கொள்ளி வைக்கிறவர் மொட்டை போட வேண்டும் என்றார்கள். உட்காரவைத்து ஊர் நாவிதரைக் கொண்டு சிரைத்தார்கள். வேட்டியைக் கொடுத்துக் கட்டச் சொன்னார்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று ஒருவருக்கும் லட்சணம் நினைவுக்கு வரவில்லை.

முடி திரும்ப வளர்ந்தது. அதே நாவிதரிடம் போய் வெட்டச் சொன்னேன். "அது சாவுக்கு எடுத்தது. இது எதுக்கு?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து நானே கத்தரிக்கோலை எடுத்தேன்.

இதையும் கொண்டுபோய் உன் மாமியாரிடம் சாக்காகச் சொல்லிவிடாதே. அப்பாவுக்காக வெட்டுகிறேன் என்று சொல்லாதே. குளிருக்குக் கால்சட்டை என்று சொல்லாதே, வேலைக்குத் தோது என்று சொல்லாதே. அப்பா போன துக்கத்திலும், மொட்டைத் தலையில் காற்றுப் பட்டதும் எனக்கு நன்றாக இருந்தது. அதுதான் உண்மை. எனக்கு இப்படி இருக்கப் பிடித்திருக்கிறது. இதைச் சொல்ல ஏன் ஒரு சாமியும் ஒரு சாவும் வேண்டியிருக்கிறது?

இப்போது நான் கேட்பதைக் கேள். உன்னைப் படிக்க வைத்தது யார்? உனக்குச் சீர் கொண்டுவந்தது யார்? மட்டக்குதிரையில் ஏற்றிக் கொடைக்கானல் வரை நடந்தே வந்து, அங்கிருந்து லாரியில் நின்றுகொண்டு வந்தேன். ராமர் அப்போது எங்கே இருந்தான்? பந்தியில் இருந்தான். கூடப் பிறந்தவன் செய்ய வேண்டியது எல்லாம் நான் செய்திருக்கிறேன். அந்த மடி என்னுடையது. நான் ஆம்பளை இல்லை, ஆம்பளை ஆக எனக்கு ஆசையும் இல்லை. நான் சோலையம்மாள். வெள்ளைச் சட்டையும் துவைத்த வேட்டியும் கட்டிக்கொண்டு வருகிறேன். அழகு என் மடியில் உட்காரட்டும்.

சரி என்றால் எழுது. வேறு எதற்கும் என்னைக் கூப்பிடாதே.

சோலையம்மாள்


பழனி அடிவாரம்,
2-3-58

அக்கா,

நீ சொன்னபடி கேட்டேன். வேண்டுதல் விஷயத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் மடி விஷயத்தைக் கேட்டேன். அத்தை இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, அக்காவே தாய்மாமன் மொறைக்கு உக்காந்தா என்ன?"

"எந்த அக்கா?"

"எனக்கு எத்தனை அக்கா இருக்காங்க?"

அத்தை கையை அலம்பிக்கொண்டு நிமிர்ந்தார்கள். "காது குத்துக்குக் கரகாட்டமும் ஏற்பாடு பண்ணிருவோமா? ஊரே வந்து பாக்கட்டும்" என்றார்கள். அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். "ராமரே உக்காரட்டும் தமயந்தி. பெருசு பண்ணாத" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் செருப்பை மாட்டிக்கொண்டுவிடுகிறார்.

அத்தை அப்புறம் தம் தீர்மானத்தைச் சொன்னார்கள். நீ வந்து சன்னதியில் பிழை பொறுக்கும்படி கேட்க வேண்டுமாம். அந்தக் கந்தவேல் இன்னும் நம்பிக்கையை விடவில்லையாம், அவரும் அன்று வருவாராம். அதனால்தான் எழுதுகிறேன்: சேலை கட்டிக்கொண்டு வருவதாக இருந்தால் வா. இல்லாவிட்டால் வராதே. என் மகளின் காது குத்துக்கு வந்து நீ ஊரோடு சண்டை போட வேண்டாம்.

இதை எழுதும்போது எனக்கு உன்மேல் எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? உனக்கு மலை இருக்கிறது. கதவைச் சாத்தினால் உன் வீடு, திறந்தால் உன் தோட்டம். ராக்காயியும் சின்னக்கருப்பனும் நீ சொன்ன வேலையைச் செய்கிறார்கள். நான் காலையில் எழுந்தால் தலை வாரிப் பூ வைக்காமல் அடுப்படிக்குள் போக முடியாது. ஒரு நாள் தலைவலி என்று பின்னலை அவிழ்த்துவிட்டிருந்தேன். யாத்திரைக்கு வந்த ஒரு கிழவி என் எதிரிலேயே அத்தையிடம், "மருமக தலைய விரிச்சுப் போட்டுருக்காளே, எதுவும் அண்டியிருக்கா?" என்று கேட்டாள். உன்னைப் பார்க்க ஆட்கள் மலை ஏறி வர வேண்டும். என்னைப் பார்ப்பவர்கள் என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். நீ பிடித்ததைச் செய்கிறாய். அதற்குப் பதில் சொல்கிற வேலை எனக்கு. நான்கு வருஷமாக உனக்காகப் பொய் சொல்லி, இப்போது பொய்க்காரி என்ற பெயரும் எனக்குத்தான்.

நீ மடியைக் கேட்கிறாய். நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் பதில் எழுது. நேற்று அழகுக்கு வளையல் போட்டுப் பார்த்தார்கள். கையை உதறி உதறி, கடைசியில் தன் மணிக்கட்டையே கடித்துக்கொண்டாள். பல் பதிந்துவிட்டது. நீ சின்ன வயசில் இப்படித்தான் இருந்தாயா? அம்மா என்ன செய்தார்கள்? நான் என்ன செய்ய வேண்டும்? இதைக் கேட்க எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை, அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

தமயந்தி


பூம்பாறை,
9-3-58

தமயந்தி,

நான் வரவில்லை.

நீ எனக்காகப் பொய் சொன்னதாக எழுதியிருக்கிறாய். எனக்காக இல்லை, உனக்காகச் சொன்னாய். அதைத் தப்பு என்றுகூட நான் சொல்லவில்லை, புது வீட்டில் பயந்திருப்பாய். ஆனால் அதை என் கணக்கில் எழுதாதே.

நீ கேட்டதற்குப் பதில். அப்படித்தான் இருந்தேன். அம்மா தினமும் விளக்கெண்ணெய் தடவி, கண் இழுத்துக்கொள்ளும்படி இறுக்கிப் பின்னிவிடுவாள். நான் வரப்புக்குப் போனதும் அவிழ்த்துவிடுவேன். ஒரு நாள் பின்னலைக் கதவு நாதாங்கியோடு சேர்த்துக் கட்டிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். நீ கைக்குழந்தை. தொட்டிலில் கிடந்து நீ அழுதாய், எழுந்து வந்து ஆட்ட எனக்கு எட்டவில்லை. அம்மா திரும்பி வந்து, உன்னைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்த்து அவளும் அழுதாள். அடிக்கிற கையும் அவளுடையதுதான், அழுகிற கண்ணும் அவளுடையதுதான். அவளுக்கும் யாரோ சொல்லிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது, நான் பிள்ளை பெற்றவள் இல்லை. ஒன்று தெரியும். என்னிடம் யாரும் கேட்டதில்லை. வேணுமா வேண்டாமா என்று ஒரு தடவை யாராவது கேட்டிருந்தால், நான் பாதி கோபக்காரியாக வளர்ந்திருப்பேன். அழகிடம் கேள். இரண்டு வயசுப் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியும். உனக்குத்தான் தெரியவில்லை.

உன் மாமியாரிடம் உண்மையைச் சொல்லும் வரை எனக்கு எழுதாதே. பூண்டு பிடுங்குகிற நேரம், எனக்குச் சோலி கிடக்கிறது.

சோலையம்மாள்


பழனி அடிவாரம்,
26-3-58

அக்கா,

எழுதாதே என்றாய். சொல்லிவிட்டேன், அதனால் எழுதுகிறேன். எப்படிச் சொன்னேன் என்பதையும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வெள்ளனே சரவணப் பொய்கையில் குளித்துவிட்டு முடி இறக்குகிற கொட்டகைக்குப் போனோம். ராமர் அண்ணன் புது வேட்டியும் வாய் நிறைய வெற்றிலையுமாக உட்கார்ந்தார். அழகை மடியில் வைத்தோம். தலையில் தண்ணீரைத் தெளித்ததும் வீறிட்டு அழுதாள். பாதித் தலை இறங்கியதும் அழுகை நின்றுவிட்டது. முழுவதும் இறங்கியதும் இரண்டு கையாலும் தலையைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் அக்கா. ரிப்பன் இல்லை, சிக்கு எடுக்கிற சீப்பு இல்லை, அப்படி ஒரு சிரிப்பு.

"இப்பச் சிரிச்சுக்க. இனிமே வளர்ற முடி இடுப்பு வரைக்கும். ஒரு மயிரு வெட்ட விடமாட்டேன்" என்றார்கள் அத்தை.

அடுத்தது காது. ஆசாரி தங்கக் கம்பியோடு வந்து உட்கார்ந்தார். அத்தை மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுச் சத்தமாகவே வேண்டினார்கள். "முருகா, இவ பெரியம்மா செஞ்ச பிழைய இந்தப் பிஞ்சு மேல வச்சுறாத. அவள நான் இழுத்துட்டு வந்து மூணாந்தரமும் ஒனக்கு முடி எறக்க வைக்கிறேன். கந்தவேல் கையில அவளப் புடிச்சுக் குடுக்கிறேன்." கந்தவேல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "நீயும் சொல்லு தமயந்தி. கூடப் பிறந்தவ நீ சொன்னாத்தேன் சேரும்" என்றார்கள்.

நான் கையைக் கூப்பினேன். வாயையும் திறந்தேன். சொல்லியிருப்பேன் அக்கா, அவ்வளவு பழகிவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்பை அப்போதுதான் பார்த்திருந்தேன்.

"அத்தை, எங்க அக்கா எந்த வேண்டுதலும் வைக்கல" என்றேன்.

"என்னது?"

"முடிய அவளே வெட்டிக்கிறா. அவளுக்கு அப்படி இருக்கத்தான் பிடிக்கும். கல்யாணமும் வேணாம், சேலையும் வேணாம். வேண்டுதல்னு சொன்னது நான்."

அத்தை படியில் உட்கார்ந்துவிட்டார்கள். "முருகன் பேர்லயா பொய் சொன்ன? இந்த ஊர்ல இருந்துக்கிட்டா? நான் அவ இருக்கிற தெசையக் கும்பிட்டேனேடி!" என்றார்கள். அந்த இடத்தில் அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் நிஜமாகவே கும்பிட்டவர்கள்.

கோபம் அவர்மேல் வந்தது. "இப்ப எதுக்கு இத? வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்ல" என்று செருப்பைத் தேடினார். "எங்கயும் போகாதீங்க. இங்கயே நில்லுங்க" என்று நாலு பேர் முன்னால் கத்திவிட்டேன். நின்றார். கல்யாணமானதிலிருந்து அவரை நான் ஏவியது அதுதான் முதல்.

ராமர் அண்ணன் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "அப்ப நான் உக்காரவா, எந்திரிக்கவா?" என்று கேட்டார். ஆசாரி, "நல்ல நேரம் போகுதுங்க" என்றார். உன் மடி இல்லாமல் இந்தக் காதைக் குத்துவதில்லை என்று சொல்லத்தான் குழந்தையைத் தூக்கினேன். அப்போது உன் கடிதம் நினைவுக்கு வந்து தொலைத்தது. "காது குத்தலாமா கண்ணு?" என்று அவளிடம் கேட்டேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "வேணாம்" என்றாள்.

அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன். முடி இறங்கிவிட்டது, காது குத்தவில்லை. பாதியில் நிற்கிற சடங்கு ஆகாது என்று இந்த வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. அத்தை தம் தட்டைத் தாமே கழுவிக்கொள்கிறார்கள். அவர் மட்டும் நேற்று, "கொஞ்ச நாள் மலைக்குப் போயிட்டு வா, நானே பஸ் ஏத்தி விடுறேன்" என்றார். எத்தனை நாள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை வத்தலக்குண்டு வழியாக வருகிறோம். மன்னிப்புக் கேட்க வருகிறேன் என்று நினைத்துவிடாதே. உன்மேல் எனக்கு இன்னும் தீராத ஆத்திரம் இருக்கிறது. நீயும் பக்கத்தில் நின்றிருக்க வேண்டிய இடத்தில் என்னைத் தனியாக நிற்கவிட்டாய். வராதே என்று எழுதியது நான்தான், தெரியும். நான் எழுதியதை எல்லாம் நீ கேட்டிருக்கிறாயா, இதை மட்டும் ஏன் கேட்டாய்?

அழகு உன்னைப் போல வளர்ந்துவிடுவாளோ என்று பயமாகத்தான் இருக்கிறது. பயமில்லை என்று எழுதினால் அது அடுத்த பொய்.

தமயந்தி


பூம்பாறை,
30-3-58

தமயந்தி,

வா.

கீழே இருக்கும்போதே குழந்தைக்குக் கம்பளிக் குல்லா வாங்கிவிடு. மொட்டைத் தலைக்கு இங்கே காற்று காதுக்குள் இறங்கும். பெருமாள்மலையில் பஸ் நிற்கும்போது அவளுக்குச் சூடாக ஏதாவது கொடு, அதற்கு மேல் வளைவுகளில் வாந்தி வரும். நான் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். சின்னக்கருப்பன் மட்டக்குதிரையைப் பிடித்துக்கொண்டு வருகிறான்.

உன் கடிதத்தை ராக்காயிக்குப் படித்துக் காட்டினேன். "உக்காரவா, எந்திரிக்கவா" என்ற இடத்தில் மறுபடியும் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் நீ கத்தின இடத்தை இன்னொரு தடவை தனியாகப் படித்தேன்.

நான் வந்திருக்க வேண்டும். நீ வராதே என்று எழுதியதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ரோஷத்தில் வீட்டில் இருந்துவிட்டேன், அன்று முழுவதும் பூண்டைப் பிடுங்கவில்லை, பிய்த்துப் போட்டேன். ஆனால் நீ செய்ததும் சரி என்று ஆகிவிடாது. முருகன் பெயரைச் சொல்லி என்னை நாலு வருஷம் மறைத்தாய். அது ஒரு கடிதத்தில் தீராது. நேரில் வா, பேசித் தீர்ப்போம், தீராவிட்டால் சண்டை போடுவோம். பிள்ளை தூங்கின பிறகு.

மடி விஷயம். எனக்கு ஆசை இருந்தது, மறைக்கவில்லை. பத்துப் பேர் பார்க்க, சட்டை வேட்டியோடு உட்கார்ந்து, இவள் என் தங்கை மகள் என்று பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். உன் கடிதம் கண்டதுமே, இங்கே கோயிலில் வைத்துக் குத்தலாம் என்று ஆசாரிக்குக்கூடச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் காதைப் பொத்திக்கொண்ட இடத்தை மறுபடி படித்த பிறகு, வர வேண்டாம் என்று திரும்பச் சொல்லி அனுப்பினேன். கேள் என்று நானே சொல்லிவிட்டு, அவள் வேண்டாம் என்றதற்கு அப்புறம் கம்பியை நீட்டினால் நான் யார்? என்றைக்காவது அவளே வேண்டும் என்று வந்தால் பார்க்கலாம். அன்றைக்கு அவள் யார் மடியில் உட்காருவாள் என்பதும் அவள் பாடு.

பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் இருப்பார்கள். கங்காணிகள், கூலியாட்கள், சுற்றிப் பார்க்க வந்த பெரிய மனிதர்கள், செண்பகனூர்ப் பக்கம் போகிற டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். எப்போதும் பார்க்கிற மாதிரிதான் என்னைப் பார்ப்பார்கள். உன் பக்கத்து ஸீட்டில் வந்தவள் எவளாவது என்னைக் கைகாட்டி, "இது யாருங்க?" என்று உன்னிடம் கட்டாயம் கேட்பாள். நான் பதில் சொல்லமாட்டேன். குதிரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டுக்கொண்டு நிற்பேன்.

சோலையம்மாள்